கடலோர வீடும் குடியாத்தத்து வீடும்

கேள்வி:

எனக்கு 43 வயது. குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் சவூதியில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார். மகன் சென்னையில் கல்லூரியில் படிக்கிறான். மகள் பிளஸ் டூ. மாமியாரும் எங்களோடு இருக்கிறார்.

ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய லேப்டாப்பில் மகன்தான் எனக்கு 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகத்தைக் காட்டினான். அங்கே கடலோரத்தில் ஒரு சிறு வீடு வைத்திருக்கிறேன். முற்றத்தில் ஒரு புள்ளிக்கோலம் வரைந்தேன். வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், எப்படி என்று கேட்டார்கள். இப்போது வாரத்தில் சில இரவுகள் ஏழெட்டுப் பேருக்குக் கோலம் கற்றுத்தருகிறேன். பல நாட்டுக்காரர்கள், என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். வகுப்பு முடிந்ததும் கடற்கரையில் தனியாக நடப்பேன். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே என் உருவத்துக்கு 28 வயது சொல்லலாம். ஐரோப்பாவில் வசிப்பதாகச் சொல்லும் ஒருவர் நல்ல நண்பராகிவிட்டார். தவறாக எதுவும் பேசியதில்லை. கணவரிடம் அவரைப் பற்றிச் சொன்னதும் இல்லை.

வீட்டு வேலையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் படுக்க இரண்டு மணி ஆகிவிடுகிறது. ஐந்தரைக்கு எழ வேண்டும். வகுப்பில் கண் செருகுகிறது. மாதம் சுமார் 2,000 ரூபாய் அங்கே செலவாகிறது. பக்கத்து நிலமும் விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று யோசிக்கிறேன். சென்ற வாரம் மகள் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நாங்கள் உனக்குப் போதாதா அம்மா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் கண்ணாடியில் என்னைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது.

இது நோயா? கணவருக்கு நான் துரோகம் செய்கிறேனா? கணக்கை அழித்துவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கணக்கை அழிக்க வேண்டாம். இன்றிரவு அதைத் திறக்கவும் வேண்டாம். சீக்கிரம் படுத்துத் தூங்குங்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

நோயா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்று ஒன்று சேர்க்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கைமீறிப் போவது ஒன்று. மற்ற ஆர்வங்களையும் அன்றாட வேலைகளையும் தள்ளிவிட்டு விளையாட்டே முன்னால் வந்து நிற்பது இன்னொன்று. கெடுதல் நேர்கிறது என்று தெரிந்த பிறகும் தொடர்வது மூன்றாவது. இவை சேர்ந்து குடும்பத்தையோ வேலையையோ படிப்பையோ பெரிதாகக் குலைத்திருக்க வேண்டும். வழக்கமாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் என்றால் நோய் என்று அந்த வரையறை எங்கும் சொல்லவில்லை. பெற்றோர்கள் என்னிடம் முதலில் கேட்பது மணிக்கணக்கைத்தான், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் பள்ளிக்குப் போகிறீர்கள், பாடம் நடத்துகிறீர்கள், வீட்டை நடத்துகிறீர்கள். முதல் இரண்டு அடையாளங்கள் உங்களுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவதன் சாயல் மட்டும் தெரிகிறது: வகுப்பில் கண் செருகுகிறது என்று தெரிந்தும் இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறீர்கள். இதை நோய் என்று சொல்ல மாட்டேன். லேசாக விட்டுவிடவும் மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி வேறு. "எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை." வேலூரில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெண்கள் பலர் இதே ஏக்கத்தை வேறு வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆண் சட்டையை மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தால் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. அதே நேரத்தில் ஒரு பெண் வெறும் காற்றுக்காகத் தனியாக நடந்தால் தெருவின் இரு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் அந்தப் பார்வை இன்னும் கூர்மையாகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று நம் பக்கத்தில் வளைகுடாச் சம்பளத்தை நம்பி நடக்கும் வீடுகள் எத்தனையோ. அந்த வீட்டுப் பெண்கள் வங்கிக்குப் போகிறார்கள், மின்வாரிய அலுவலகத்துக்குப் போகிறார்கள், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள், நிலத்தகராறு என்றால் தாலுகா அலுவலகத்தில் நாள் முழுதும் நிற்கிறார்கள். காரணம் ஒன்று இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். காரணமில்லாமல் போவதற்கு மட்டும்தான் வழியில்லை. அந்தத் திரைக் கடற்கரை உங்களுக்குக் கொடுப்பது அந்தக் காரணமில்லாத நடையை. அதை வெறும் மாயை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கடல் பொய்யாக இருக்கலாம். அங்கே போக வேண்டும் என்று தோன்றியது பொய்யில்லை.

இரண்டாவது ஈர்ப்பு உங்கள் மாணவர்கள். பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறீர்கள். அவர்கள் மதிப்பெண்ணுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஏழெட்டுப் பேர் யாரும் கட்டாயப்படுத்தாமல், உங்கள் கைவித்தையைப் பார்த்து வியந்து வந்தவர்கள். வாசலில் காலையில் போட்டு மாலைக்குள் காலடியில் அழிந்துபோகும் ஒரு கலையை ஒருவர் நின்று பார்த்து "எப்படி?" என்று கேட்பது சிறிய விஷயமில்லை. எத்தனை ஆண்டுகளாகக் கோலம் போடுகிறீர்கள், வீட்டில் யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா?

இந்த உலகங்கள் நேற்று முளைத்தவை அல்ல. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர், படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் ஆன ஓர் உலகத்தைக் கணினியில் எழுதத் தொடங்கினார்; ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். பலர் ஒரே நேரத்தில் உள்ளே போய் ஒருவரோடு ஒருவர் பேச முடிந்தது. பின்னாளில் பார்ட்டில் அங்கே வருபவர்களை நான்கு விதமாகப் பிரித்தார்: சாதித்துக் காட்ட வருபவர்கள், மூலைமுடுக்கெல்லாம் சுற்றிப் பார்க்க வருபவர்கள், பிறரோடு பழக வருபவர்கள், பிறரை வீழ்த்தி மகிழ வருபவர்கள். நீங்கள் மூன்றாவது வகை, கொஞ்சம் இரண்டாவது. உங்கள் செகண்ட் லைஃப், பிலிப் ரோஸ்டேல் தொடங்கிய லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் திறந்துவிட்டது. அங்கே வெற்றி தோல்வி கிடையாது, கடக்க வேண்டிய கட்டங்கள் கிடையாது. வீடுகளும் உடைகளும் மரங்களும் பெரும்பாலும் அங்கே வாழ்பவர்களே செய்தவை. 2007-இல் மாலத்தீவும் ஸ்வீடனும் அங்கே தூதரகமே திறந்தன. ஆக, பொழுதுபோகாதவர்களின் இடம் என்று யாராவது சொன்னால் நீங்கள் கூச வேண்டியதில்லை.

நார்வே நாட்டு இளைஞர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்ஸ் ஸ்டீன் என்று பெயர். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷென் என்ற பிறவி நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில் இருந்தபடி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற உலகத்தில் பல ஆண்டுகள் கழித்தார். மகன் நண்பர்களே இல்லாமல் தனிமையில் வாழ்ந்து முடித்துவிட்டான் என்றே பெற்றோர் நினைத்திருந்தார்கள். 2014-இல், 25 வயதில், அவர் இறந்த செய்தியைத் தந்தை மகனின் வலைப்பக்கத்தில் எழுதியதும் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. உன் மகன் எங்கள் துயரத்தைக் கேட்டான், ஆறுதல் சொன்னான், எங்கள் வீட்டுப் பிள்ளையோடு பேச எங்களுக்கு வழி காட்டினான் என்று முகம் பார்த்திராதவர்கள் எழுதினார்கள். சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்ந்த ஊர் வேலூர். 1966-இல் அவர் உருவாக்கிய மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. உடம்பு ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்கும்போதும் மனிதர் இன்னொருவருக்குப் பயன்பட முடியும் என்று இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நார்வே இளைஞருக்குக் கணினி உலகம் அந்த வழியைத் திறந்தது.

ஆனால் அவருக்கு வெளியே கதவுகள் மூடியிருந்தன. உங்களுக்கு மூடியிருப்பது சில கதவுகள் மட்டும். உங்கள் நிலைமையும் அவர் நிலைமையும் பிரியும் இடம் அதுதான். இனி நான் சொல்லப்போகும் குறைகளெல்லாம் அந்த இடத்திலிருந்து வருகின்றன.

நம் வடாற்காட்டுப் பக்கத்தில் வேஷம் கட்டுவது பழகிப்போன விஷயம். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் கூத்து பார்த்திருப்பீர்கள். பகலில் நெசவோ பயிரோ பார்க்கும் மனிதர், இரவில் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு திரை விலக்கி வரும்போது கர்ணனாகவே இருக்கிறார். ஊரே அவருக்காக அழுகிறது. அந்தச் சில மணி நேரம் அவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று அவர் கண்ணைப் பார்த்தாலே தெரியும். வேறொருவராக இருந்து பார்க்கும் ஆசையை நம் முன்னோர் தடுக்கவில்லை. அதற்குக் கோயிலிலேயே இடம் கொடுத்தார்கள். கொடுத்தபோது இரண்டு ஏற்பாடுகளையும் சேர்த்தே செய்தார்கள். விடிந்தால் கூத்து முடியும், அரிதாரத்தைக் கலைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். படுகளம் முடிந்து தீமிதியும் முடிந்தால் அந்த ஆண்டுத் திருவிழாவே முடிந்தது. வேஷத்துக்குள் இருப்பவர் இன்னார் மகன், இன்ன தெரு என்று பார்ப்பவர்கள் அனைவருக்கும் தெரியும். உங்கள் செகண்ட் லைஃபில் இந்த இரண்டும் இல்லை. அங்கே கூத்தை முடித்துவைக்கும் விடியல் இல்லை. சூரியன் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. வேண்டுமென்றால் நள்ளிரவில் உச்சிவெயிலை நீங்களே வைத்துக்கொள்ளலாம். வேஷத்துக்குள் யார் என்றும் யாருக்கும் தெரியாது. ஆகவே கூத்தில் ஊர் செய்த அந்த இரண்டு வேலைகளையும் இங்கே நீங்கள் ஒருவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. முடிக்கும் நேரத்தை நீங்கள் வைக்க வேண்டும். வேஷத்துக்குள் இருப்பது யார் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். நான் தரப்போகும் ஆலோசனை முழுவதும் இவ்வளவுதான்.

தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன். உங்களை மிகவும் கெடுப்பது அதுதான். ஏன் எப்போதும் இரண்டு மணி ஆகிறது என்று யோசித்தீர்களா? அந்த உலகத்தின் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் ஓடுகிறது. ஐரோப்பாவில் பெரும்பகுதிக்கு மாலை ஏழு மணி என்றால் நமக்கு, பருவத்தைப் பொறுத்து, இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அவர்கள் வேலை முடிந்து வந்து உட்காரும் நேரம் நீங்கள் படுக்க வேண்டிய நேரம். நீங்கள் எழுந்து போகும்போது அங்கே பேச்சு களைகட்டியிருக்கும். அதை விட்டு வருவது யாருக்கும் கடினம். இதில் உங்கள் மன உறுதியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நேர வித்தியாசம் அப்படி அமைந்திருக்கிறது.

வகுப்பை ஞாயிறு மாலை ஆறரைக்கு மாற்றுங்கள். அப்போது ஐரோப்பாவில் பிற்பகல் இரண்டோ மூன்றோ மணி. விடுமுறை நாள், வர விரும்புபவர்கள் வருவார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இரவு ஒன்பது மணி. கோலம் தெரிந்த தமிழர்கள்கூட வந்து சேரலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் சிலர் விட்டுப்போவார்கள். போகட்டும். மற்ற நாட்களில் ஒன்பதரைக்குமேல் லேப்டாப் உங்கள் அறையில் இருக்க வேண்டாம், கூடத்து அலமாரிக்குப் போகட்டும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது மூன்றரை. இரவு வெகுநேரம் திரை வெளிச்சத்தில் இருந்தால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதும் தள்ளிப்போகிறது. கண்ணாடியைப் பார்த்தால் அலுப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, தூங்காத முகம் யாருக்கும் அழகாகத் தெரியாது. தூங்காத மனத்துக்கு எந்த முகமும் பிடிக்காது. சில வாரங்கள் ஒழுங்காகத் தூங்கிவிட்டு மறுபடி கண்ணாடியைப் பாருங்கள்.

இருந்தாலும் அந்த அலுப்புக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற இருவர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மெய்நிகர் உலகில் அழகான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் எதிரே இருப்பவரிடம் இன்னும் நெருங்கி நின்றார்கள், தங்களைப் பற்றி அதிகம் பேசினார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் பணத்தைப் பங்கிடும் பேரத்தில் துணிச்சலாக நடந்துகொண்டார்கள். அணிந்துகொண்ட உருவம் அணிந்தவரின் நடத்தையை மாற்றுகிறது. 28 வயது உருவத்தில் நீங்கள் துணிவாகப் பேசுவதும் சிரிப்பதும் நடிப்பில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தத் துணிவு உங்களுடையதுதான், 43 வயது உடம்புக்குள்ளும் அது இருக்கிறது. ஆனால் நாளெல்லாம் அந்த உருவத்தோடு இந்த உருவத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் இதன்மேல் வெறுப்பு வளரும். ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் உருவத்துக்குக் கொஞ்சம் நரையும் ஒரு மூக்குக்கண்ணாடியும் கொடுங்கள். மாணவர்களில் ஒருவர்கூட எழுந்து போக மாட்டார் என்று நினைக்கிறேன். அவர்கள் வந்தது கோலத்துக்கு.

நண்பரைப் பற்றி. இது துரோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவரோடு பேசுவது துரோகம் ஆகாது. மறைப்பது மெல்ல மெல்ல அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் இதை இப்போதே பேசுகிறேன். முகமும் குரலும் இல்லாமல் எழுத்தில் பழகும்போது, நேரில் பழகுவதைவிட வேகமாக நெருக்கம் வளரக்கூடும் என்று தகவல்தொடர்பு ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1996-இலேயே விளக்கியிருக்கிறார். நாம் நிதானமாக யோசித்து நம்மில் சிறந்ததை மட்டும் எழுதுகிறோம். அவரும் அப்படியே. இடையில் தெரியாத பகுதிகளை நம் மனமே நல்லபடியாக நிரப்பிக்கொள்கிறது. சவூதியில் இருக்கும் உங்கள் கணவருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அவர் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்த களைப்போடு வீடியோவில் வருகிறார். அரிசி வாங்கியாயிற்றா, கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி என்று கேட்டு வைத்துவிடுகிறார் என்றே நினைக்கிறேன். ஒருவரிடம் வீட்டுக் கணக்கு முழுவதையும், இன்னொருவரிடம் கடற்கரை முழுவதையும் கொடுத்துவிட்டு இரண்டு பேரையும் ஒப்பிட்டால் கணவர் தோற்கத்தான் செய்வார். அது அவருக்கு நியாயமில்லை.

கணவரிடம் சொல்லுங்கள். மகள் வாயால் அவர் கேள்விப்படுவதற்கு முன் சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில் வேண்டாம். "நான் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், உங்களுக்குக் காட்ட வேண்டும்" என்று தொடங்கி, அவருடைய விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை பார்த்து, கோலத்தைக் காட்டுங்கள், மாணவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். நண்பரைப் பற்றியும் அதே பேச்சில், அதே குரலில் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம். கேள்விகள் கேட்கலாம். கேட்கட்டும். அவருக்கும் அங்கே ஓர் அறையில் ஏக்கங்கள் இருக்கும். இதுவரை நீங்கள் இருவரும் அதைப் பேசியிருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் இப்படி ஒரு கடினமான வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் கணவனும் மனைவியும் வீட்டுச் செலவைத் தாண்டி வேறு எதையாவது பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

அந்த நண்பர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் புகைப்படம், பள்ளியின் பெயர், மகளைப் பற்றிய எந்த விவரம், பணம் எதுவும் அவருக்குப் போக வேண்டாம். கடன் என்றோ, சுங்கத்தில் பரிசுப் பொருள் மாட்டிக்கொண்டது என்றோ பேச்சு வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

பக்கத்து நிலத்தை வாங்க வேண்டாம். நம் ஊரில் மனை வாங்கிப்போட்டால் வீணாகாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை அங்கே கொண்டுபோகாதீர்கள். அங்கே ஒரு முழு நிலப்பகுதி 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது 65,536 சதுர மீட்டர். இரண்டின் பதினாறாம் அடுக்கு என்று உங்களுக்கு உடனே பிடிபட்டிருக்கும். அது கணினியில் ஒரு சதுரம். நிறுவனம் நினைத்தால் அதுபோல் எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கலாம். மாதக் கட்டணம் நின்றால் நிலம் போய்விடும். நம் ஊரில் பட்டா வைத்திருப்பவரை அப்படி எழுப்பிவிட முடியாது. 2007-இல் அங்கே அதிக வட்டி தருவதாகச் சொன்ன 'கிங்கோ' என்ற வங்கி கவிழ்ந்து, போட்டவர்களின் பணம் திரும்பவில்லை. அதன் பிறகு 2008 தொடக்கத்தில் லிண்டன் லேப் அப்படிப்பட்ட வங்கிகளையே தடைசெய்தது. அங்கே புழங்கும் லிண்டன் டாலர் என்ற நாணயம் விளையாட்டுக் காசுபோலத் தெரிந்தாலும் உங்கள் அட்டையிலிருந்து போவது ரூபாய். மாதம் 1,000 என்று ஒரு வரம்பு வையுங்கள், வீட்டு வரவுசெலவு நோட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.

உலகமே மூடப்படுவதும் நடந்திருக்கிறது. 2002-இல் தொடங்கிய 'சிம்ஸ் ஆன்லைன்' 2008-இல் மூடப்பட்டபோது அங்கே கட்டியிருந்த வீடுகள் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போயின. உங்கள் கோலங்களை ஒரு நோட்டில் கையால் வரைந்து, புள்ளிக் கணக்கோடு எழுதி வையுங்கள். அந்த நோட்டைப் பள்ளிக்கும் எடுத்துப் போங்கள். சமச்சீரும் சுழற்சியும் நடத்தும்போது கரும்பலகையில் ஒரு சிக்குக்கோலத்தை வரைந்து, கையெடுக்காமல் எத்தனை கோட்டில் முடிகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஏழெட்டு அயல்நாட்டுக்காரர்களுக்குக் காட்டிய அந்த டீச்சரை உங்கள் பத்தாம் வகுப்பும் பார்க்கட்டும். நடைக்கும் ஒரு வழி தேட வேண்டும். தனியாக இரவு நடப்பது உடனே கைகூடாது, அதை நான் எளிதென்று சொல்ல மாட்டேன். உங்கள் பள்ளியிலேயே கணவர் வெளியூரில் இருக்கும் ஆசிரியைகள் இன்னும் இருப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து விடியற்காலையில் தொடங்குங்கள். தெரு முதல் வாரம் கேட்கும், அப்புறம் பழகிவிடும்.

இனி மகள். "நாங்கள் உனக்குப் போதாதா?" என்ற அவள் கேள்விக்குப் பின்னால் அவள் பார்த்த காட்சி இருக்கிறது. பொதுத்தேர்வு வருடம்; இரவு படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தவள் பார்த்தது அம்மாவின் முதுகையும், திரையில் அம்மா சிரித்துப் பேசுவதையும். அந்தச் சிரிப்பு பகலில் தன் பக்கம் வரவில்லையே என்பதுதான் அவளுடைய வருத்தம். அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "உங்களிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அம்மா, மனைவி, மருமகள், டீச்சர் என்று எல்லாருக்கும் ஆளாக இருந்த பிறகு, எனக்கென்று கொஞ்ச நேரம் இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அதைத் தேடப்போய் உன் நேரத்தையும் என் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டேன்." பதினேழு வயதுப் பெண்ணுக்கு இது புரியும். சில ஆண்டுகளில் அவளுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டியிருக்கும். அதைக் கேட்கலாம் என்று அவள் உங்களிடமிருந்து தெரிந்துகொள்வது நல்லது. ஒரு ஞாயிறு மாலை, அவள் விரும்பினால், வகுப்பின்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். அவள் விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். ஒன்பதரைக்கு மூட முடியாமல் தவித்தாலோ, மூடிய பிறகு எரிச்சலும் வெறுமையும் நாட்கணக்கில் விடாமல் இருந்தாலோ, வேலைக்குப் போகவே மனம் வராவிட்டாலோ நேரில் ஒருவரைப் பாருங்கள். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது; அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இணையப் பழக்கச் சிக்கல்களுக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் ஒரு தனிப் பிரிவு நடக்கிறது. குடியாத்தத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான்.

வகுப்பு நேரம் மாறியதும் எத்தனை பேர் தொடர்ந்து வந்தார்கள், கணவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மகளின் தேர்வு முடிந்த பிறகு, கடலோர வீட்டை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை நீங்கள் மூவரும் சேர்ந்து பேசலாம். அதுவரை அது அங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்,
மனநல ஆலோசகர், வேலூர்